கர்ப்ப காலத்தில் நெருக்கம்: ஜெலுத்தோங் தம்பதி வகுப்புக்குப் போய்வந்த ஒரு கணவன் எழுதுவது

முதலில் விவரத்தைச் சொல்லிவிடுகிறேன். பினாங்கு ஜெலுத்தோங்கில் ஒரு கடைவீட்டின் மேல்மாடி. கீழே மளிகைக் கடை, மேலே சிறிய தாய்சேய் நிலையம். மாதம் ஒரு சனிக்கிழமை மதியம் 2 மணிக்குக் கர்ப்பிணிகளும் அவர்கள் கணவன்மாரும் சேர்ந்து உட்காரும் வகுப்பு அங்கே நடக்கிறது. இரண்டரை மணி நேரம், ஜோடிக்கு 90 வெள்ளி (ரிங்கிட்), முழுக்கத் தமிழில். மூச்சுப் பயிற்சி, பால் கொடுப்பது, குழந்தையைக் குளிப்பாட்டுவது எல்லாம் வேறு நாட்களில். இந்த வகுப்பு ஒரே ஒரு விஷயத்துக்கு: வயிற்றில் பிள்ளை இருக்கும்போது கணவன் மனைவி சேரலாமா, எதுவரைக்கும் சேரலாம், எப்போது கூடவே கூடாது.

நடத்துபவர் அரசு மருத்துவமனைப் பிரசவ வார்டில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தாதி. எல்லோரும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுகிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். நிலையத்தின் பெயரை இங்கே போடவில்லை. சின்ன இடம், ஐந்து ஜோடிக்கு மேல் எடுப்பதில்லை, நான் சில குறைகளும் சொல்லப் போகிறேன். போக நினைப்பவர்கள் அந்த வட்டாரத்தில் விசாரித்தால் தெரிந்துவிடும்.

நான் ஏன் போனேன் என்று சொன்னால்தான் மற்றது புரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் முதல் கரு ஒன்பதாவது வாரத்தில் கலைந்தது. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறிவிட்டு வந்த வாரம் அது. 500 படிகளுக்கு மேல். அம்மா படிகளைக் குறை சொன்னார். மாமியார் கண் பட்டுவிட்டது என்று மிளகாய் சுற்றிப் போட்டார். ஆனால் எனக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை காலை இரத்தம் பட்டது. சனிக்கிழமை இரவு நாங்கள் சேர்ந்திருந்தோம். இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு நாள். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை, மனைவியிடம்கூட.

அதனால் இந்த முறை கரு தங்கிய செய்தி வந்ததும் நான் தள்ளிப் படுக்க ஆரம்பித்தேன். பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பு வேலை எனக்கு, 12 மணி நேர ஷிப்ட். இரவு ஷிப்டை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். வீட்டில் இருக்கும் இரவுகளில் போல்ஸ்டர் என்கிற நீள உருளைத் தலையணையைக் கட்டிலின் நடுவில் போட்டேன். அவளுக்கு முதுகு வலிக்கிறது, சாய்ந்துகொள்ள வசதி என்று காரணம் சொன்னேன். கை படாமல் பார்த்துக்கொண்டேன். அவளைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் நினைத்தேன். அவள் என்ன நினைத்தாள் என்பது வகுப்பு முடிந்து வீட்டுக்கு வரும் வழியில்தான் தெரிந்தது.

கேட்பதற்கு ஆளே இல்லையா என்றால், இருந்தார்கள். மாதா மாதம் அரசு கிளினிக்கில் செக்-அப். இரத்த அழுத்தம், எடை, சிறுநீர், இரும்புச் சத்து எல்லாம் அக்கறையாகத்தான் பார்த்தார்கள். கர்ப்பிணியின் செக்-அப் விவரங்களைக் குறித்துவைக்கும் பிங்க் புத்தகத்தில் அபாய நிலையைக் காட்டும் நிற ஒட்டு உண்டு, சிவப்பு, மஞ்சள், பச்சை, வெள்ளை என்று. எங்களுடையது பச்சை. கேட்டிருந்தால் அங்கேயே சொல்லியிருப்பார்கள். பின்னால் பத்துப் பேர் நிற்க, எனக்கு வாய் வரவில்லை. தமிழில் எந்த வார்த்தையைப் போட்டுக் கேட்பது என்றும் தெரியவில்லை. நம் ஆண்களில் நிறையப் பேர் இந்த இடத்தில்தான் நின்றுவிடுகிறோம் என்று நினைக்கிறேன்.

வகுப்பைக் கண்டுபிடித்தது மனைவி. அவள் ஆசிரியை, பள்ளியில் கூட வேலை செய்பவர் யாரோ சொல்லியிருக்கிறார். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, “நீங்க வர்றீங்களா, இல்ல நான் தனியா போய்க் கேட்டுட்டு வரட்டுமா?” என்றாள். தனியாக என்று அவள் சொன்ன விதம் எனக்குச் சுருக்கென்றது. போனோம். அப்போது 22ஆவது வாரம்.

இந்த வகுப்பில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வகுப்பு தொடங்கும் முன்பே நடக்கிறது. ஒவ்வொரு ஜோடியையும் தனித்தனியாக உள் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, ஐந்து நிமிஷம் பிங்க் புத்தகத்தையும் ஸ்கேன் தாளையும் பார்க்கிறார் மிஸ்ஸி. எங்கள் ஸ்கேன் தாளில் ஒரு வரியின் மேல் விரலை வைத்துக் காட்டினார். பிளசெண்டா போஸ்டீரியர், அப்பர் செக்மெண்ட். “இந்த வரியை எத்தனை தடவை பார்த்திருப்பீங்க தம்பி?” என்றார். பார்த்திருக்கிறேன், அர்த்தம் தெரியாது. நச்சுக்கொடி கருப்பையின் பின்பக்கச் சுவரில், மேல் பாகத்தில் ஒட்டியிருக்கிறது, வாசலை விட்டுத் தூரத்தில் இருக்கிறது என்று அர்த்தமாம். இரத்தம் பட்டதா, தண்ணீர் கசிந்ததா, வயிறு அடிக்கடி இறுகுகிறதா, முன்பு குறைமாதப் பிரசவம் ஆனதா, கருப்பை வாயில் தையல் போட்டிருக்கிறதா என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை. “அப்ப உங்க ரெண்டு பேருக்கும் தடை ஒண்ணும் இல்ல” என்று சொல்லிவிட்டு அடுத்த ஜோடியைக் கூப்பிட்டார். நாலு மாதமாக நான் சுமந்துகொண்டிருந்த கேள்விக்கு அவ்வளவு சாதாரணமாகப் பதில் வந்தது.

எல்லோருக்கும் அதே பதில் வரவில்லை, அதுதான் அவரை நம்பவைத்தது. புக்கிட் மெர்தாஜாமிலிருந்து வந்த ஒரு ஜோடிக்கு இரட்டைக் குழந்தை. நிபுணரைக் கேட்காமல் நான் எதுவும் சொல்ல மாட்டேன் என்று நேராகச் சொல்லிவிட்டார். இன்னொரு தம்பதிக்கு 20 வார ஸ்கேனில் நச்சுக்கொடி கீழே, கருப்பை வாயை ஒட்டியபடி இருந்தது. அவர்களே பிறகு எல்லோர் முன்னாலும் கேட்டார்கள், அதனால் எழுதுகிறேன். உறவே கூடாது, இடித்தால் நச்சுக்கொடியிலிருந்து திடீரென்று நிறைய இரத்தம் போகும், தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து என்றார். ஆனால் கருப்பை பெரிதாகப் பெரிதாகப் பெரும்பாலோருக்கு நச்சுக்கொடி மேலே நகர்ந்துவிடும், 32ஆவது வாரம் போல மறுபடி ஸ்கேன் பார்ப்பார்கள், அதில் தெரியும் என்று தைரியமும் சொன்னார். டாக்டர் ‘வேண்டாம்’ என்று சொன்னால் எது வேண்டாம் என்று கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள் என்றார். உறவு மட்டுமா, உச்சம் அடைவதும் கூடாதா, கட்டிப்பிடித்துப் படுப்பதுமா? தெரியாததால் ஒரே வீட்டில் இரண்டு பேரும் இரண்டு மூலையில் கிடக்கிறார்கள் என்றார். எங்களைப் பார்த்துச் சொல்லவில்லை. ஆனாலும் நான் தரையைப் பார்த்துக்கொண்டேன்.

அப்புறம் அந்தத் தண்ணீர்ப் பை. நம் கடைகளில் கோப்பியைக் கட்டித் தருவார்களே, ரப்பர் போட்ட பிளாஸ்டிக் பை, அதில் தண்ணீர் நிரப்பி உள்ளே ஒரு சின்ன எலுமிச்சை போட்டிருந்தார். வாயை இறுக்கிக் கட்டி, முடிச்சின் மேல் ஒரு உருண்டை வாசலின் அப்பி, பையைத் தடித்த துண்டால் சுற்றி மேசையில் வைத்தார். “தம்பிமாரெல்லாம் வாங்க, அமுக்கிப் பாருங்க.” நாங்கள் ஐந்து பேரும் ஒருவர் பின் ஒருவராக அமுக்கினோம். எங்கே அழுத்தினாலும் எலுமிச்சை நழுவி நகர்ந்து மறுபக்கம் போய் மிதந்தது. துண்டு கருப்பையின் தசை. தண்ணீர் பனிக்குடத்து நீர். முடிச்சு கருப்பை வாய். வாசலின் இருக்கும் இடத்தில் நிஜத்தில் கெட்டியான சளி அடைத்துக்கொண்டிருக்குமாம், வெளியிலிருந்து கிருமி ஏறாமல் தடுக்க. கணவனின் உறுப்பு பிறப்புப் பாதையோடு நின்றுவிடுகிறது, அந்த முடிச்சைத் தாண்டி உள்ளே போக வழியே கிடையாது. நான் இரண்டாவது முறை போய் இன்னும் பலமாக அமுக்கினேன். எலுமிச்சை மறுபடி நழுவியது. யாரும் சிரிக்கவில்லை. என்னைப் போலவே இன்னொருவரும் இரண்டாவது முறை வந்தார்.

கருக்கலைவைப் பற்றி நான் கேட்கவில்லை. என் மனைவி கேட்டாள். “மிஸ்ஸி, முதல் மாசங்கள்ல சேர்ந்ததால கரு கலையுமா?” என்று. அப்போதுதான் எனக்கு உறைத்தது, அவளும் அதே கணக்கைப் போட்டிருக்கிறாள். இரண்டு வருஷம் இரண்டு பேரும் ஒருவரிடம் ஒருவர் மறைத்துக்கொண்டு.

மிஸ்ஸி மேசையை விட்டு வந்து அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பதில் சொன்னார். முதல் மூன்று மாதத்தில் கலையும் கருக்களில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம் குரோமோசோம் கோளாறு. முட்டையும் விந்தணுவும் சேரும்போதே எண்ணிக்கை தப்பாக அமைந்துவிடுகிறது, அந்தக் கரு வளரவே முடியாது. இரத்தம் படும் நாளில் கரு இறப்பதில்லை. பல சமயம் அதற்குச் சில நாள் முன்பே, ஏன் வாரங்களுக்கு முன்பே வளர்ச்சி நின்றுபோயிருக்கும், உடம்பு தாமதமாகத்தான் தெரிந்துகொள்கிறது. “அந்த ராத்திரி நீங்க ரெண்டு பேரும் எங்க இருந்திருந்தாலும் அது நடந்திருக்கும்மா. மலையேறினதாலயும் இல்ல.” மலையைப் பற்றி நாங்கள் சொல்லவே இல்லை. பினாங்கில் எத்தனை பெண்கள் அதையே சொல்லி அழுதிருக்கிறார்களோ.

எனக்குத் தொண்டை அடைத்தது. தண்ணீர் குடிக்கப் போவதுபோல எழுந்து வெளியே போனேன். ஐந்து நிமிஷம் கழித்துத்தான் உள்ளே வர முடிந்தது. 90 வெள்ளிக்கு இது ஒன்று மட்டும் கிடைத்திருந்தாலும் எனக்குப் போதும்.

இனிக் கொஞ்சம் வேகமாகச் சொல்கிறேன். உச்சம் அடைந்த பிறகு வயிறு கல்லாக இறுகுவதைப் பற்றிக் கேட்டார்கள். கருப்பையை இறுகவைக்கும் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் உடலில் சுரப்பதால் வரும், விந்திலும் அதேபோல் இறுகவைக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உண்டு. கொஞ்ச நேரத்தில் தளர்ந்துவிட்டால் பயமில்லை, ஒருக்களித்துப் படுத்துத் தண்ணீர் குடித்தால் போதும். ஒரே இடைவெளியில் விட்டுவிட்டு வந்து, வலியும் கூடிக்கொண்டே போனால், அதுவும் 37 வாரத்துக்கு முன்னால் என்றால், உடனே மருத்துவமனை. உறவுக்குப் பின் ஒரு சொட்டு இரத்தக் கறை சிலருக்குப் படும், கருப்பை வாயில் அந்தச் சமயத்தில் இரத்த ஓட்டம் அதிகம் என்பதால். சாதாரணமாக இருந்தாலும் கிளினிக்கில் சொல்லியே ஆக வேண்டும். மனைவியின் இரத்த வகை நெகட்டிவ் என்றால் கட்டாயம், ஊசி தேவைப்படலாம். தண்ணீர் கசிவதுபோல் தோன்றினால் அதற்குப் பிறகு உறவு வேண்டவே வேண்டாம். பனிக்குடம் கசிந்தால் அடைப்பு போய்விட்டது என்று பொருள், கிருமி ஏறும். பையின் முடிச்சை லேசாகத் தளர்த்திக் காட்டினார். மேசை நனைந்தது. யாருக்கும் மறக்காது.

போல்ஸ்டர் பாடத்தைச் சொல்லாமல் விட முடியாது. வயிறு பெரிதான பிறகு எப்படிப் படுப்பது என்று காட்ட மிஸ்ஸி இரண்டு போல்ஸ்டர்களைக் கொண்டுவந்தார். ஒன்றின் நடுவில் சின்னத் தலையணையை வைத்துப் பாத்தேக் கைலியால் இறுக்கிக் கட்டியிருந்தார், அதுதான் மனைவி. படமும் இல்லை, பொம்மையும் இல்லை, முகம் சிவக்க ஒன்றுமே இல்லை, ஆனால் எல்லாம் விளங்கிவிட்டது. மனைவி இடதுபக்கம் ஒருக்களித்து, கணவன் பின்னால் அதே பக்கம் சாய்ந்து. அல்லது மனைவி மேலே, அப்போது ஆழமும் வேகமும் அவள் கையில். வயிற்றின் மேல் பாரம் விழவே கூடாது. 20 வாரத்துக்குப் பிறகு மல்லாக்க நெடுநேரம் படுக்கக் கூடாது, பாரமான கருப்பை முதுகுப் பக்கத்துப் பெரிய இரத்தக்குழாயை அழுத்தும், தலை சுற்றும், பிள்ளைக்குப் போகும் இரத்தமும் குறையும். கட்டிய சின்னத் தலையணையை அவர் உயர்த்தி உயர்த்திக் காட்ட, 6ஆம் மாதம், 7ஆம் மாதம், 8ஆம் மாதம் என்று படுக்கும் விதம் மாறிக்கொண்டே போனது. கால்களுக்கு நடுவில் ஒரு தலையணை, வயிற்றுக்கு அடியில் மடித்த துண்டு. இதற்கென்று 200 வெள்ளி கொடுத்துப் பெரிய வளைந்த தலையணை வாங்க வேண்டாம், வீட்டில் இருப்பதே போதும் என்றார். நாங்கள் அப்போது இணையத்தில் ஒன்று பார்த்து வைத்திருந்தோம். வாங்கவில்லை.

வாய்வழி உறவைப் பற்றியும் கூச்சமில்லாமல் பேசினார், இரண்டே விஷயம். பிறப்புப் பாதைக்குள் காற்றை ஊதக் கூடாது, காற்றுக் குமிழி இரத்தக்குழாயில் ஏறினால் உயிருக்கே ஆபத்து, அபூர்வம்தான் ஆனால் நடந்திருக்கிறது. கணவனுக்கு உதட்டில் அக்கிப் புண் இருக்கும்போது வாயை அங்கே கொண்டுபோகக் கூடாது, கடைசி மூன்று மாதத்தில் அந்தத் தொற்று மனைவிக்குப் புதிதாக வந்தால் பிறக்கும் பிள்ளைக்குக் கடுமையாகப் போகும். சோப்பு, மணத் திரவம் எதையும் உள்ளே விட்டுக் கழுவ வேண்டாம் என்றார். வறட்சி இருந்தால் எண்ணெய் இல்லாத, தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட வழுக்குத் திரவம், மருந்துக்கடையில் கேட்டால் தருவார்கள்.

தொற்று என்று வந்ததும் அவர் குரலில் ஒரு பெருமை. முதல் செக்-அப்பிலேயே எச்.ஐ.வி., சிபிலிஸ், ஹெபடைட்டிஸ் பி இரத்தப் பரிசோதனை எடுக்கிறார்களே, அதன் பலன், தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் பரவுவதை ஒழித்துவிட்டதாக 2018இல் உலகச் சுகாதார நிறுவனம் மலேசியாவுக்குச் சான்று கொடுத்தது. மேற்கு பசிபிக் வட்டாரத்தில் நாம்தான் முதலாவது. அந்த வரிசையில் இரத்தம் எடுத்தவர்களில் தானும் ஒருத்தி என்றார். ஆனால் அந்தப் பரிசோதனை எடுத்த நாளுக்குப் பிறகு கணவன் வெளியே போய்வந்தால் அது காப்பாற்றாது, சந்தேகம் இருந்தால் ஆணுறை போடுங்கள், மறுபடி பரிசோதனை செய்யுங்கள் என்று ஆண்களைப் பார்த்துத்தான் சொன்னார்.

“நாள் நெருங்கினா சேர்ந்தா வலி வந்துடுமாமே?” என்று ஒரு அக்கா கேட்டார். நம் வீடுகளில் அன்னாசிப் பழத்தோடு சேர்த்து இதையும் சொல்வார்கள். கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளை வைத்து இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள், 2013இல் முடிவு வெளியானது. சேரச் சொல்லி அறிவுறுத்தப்பட்டவர்களுக்கும் மற்றவர்களுக்கும் பிரசவம் ஆன காலத்தில் வித்தியாசம் இல்லை. ஆசை இருந்தால் சேருங்கள், வலி வரவைக்க என்று மருந்துபோல் வேண்டாம் என்றார் மிஸ்ஸி.

பெரியவர்கள் சொல்வதை அவர் கேலி செய்யவில்லை. இதை நான் மதிக்கிறேன். என் அம்மா மூன்று மாதம் தள்ளிப் படு, ஏழாம் மாத வளைகாப்புக்கு அப்புறம் தொடவே தொடாதே என்றார். அந்தக் காலத்தில் ஸ்கேன் கிடையாது, யாருக்கு நச்சுக்கொடி கீழே இருக்கிறது என்று தெரியாது, அதனால் எல்லோரையும் தள்ளிப் படுக்கச் சொன்னார்கள், ஒரு பத்துப் பேரைக் காப்பாற்ற நூறு பேருக்குப் போட்ட வேலி அது என்றார். ஆடி மாதத்தில் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்புவதும் அப்படித்தான், சித்திரை வெயிலில் பிரசவம் வேண்டாம் என்று. இங்கே வருஷம் முழுக்க ஒரே வெயில், ஆனாலும் அனுப்புகிறோம். இந்த விளக்கத்தை நான் அம்மாவிடம் சொன்னபோது அவர் கோபப்படவில்லை, “அது சரிதான்” என்றார்.

ஆசையைப் பற்றி அவர் சொன்னது பெண்களுக்கு ரொம்ப ஆறுதலாக இருந்தது என்று என் மனைவி சொன்னாள். முதல் மாதங்களில் குமட்டலும் அசதியும், மார்பு தொட்டாலே வலி, அப்போது வேண்டாம் என்று தோன்றும். நடுவில் சிலருக்கு ஆசை கூடும், முன்பைவிட அதிகமாகக்கூட. கடைசியில் பாரம், மூச்சு முட்டும், குறையும். கூடினாலும் தப்பில்லை, குறைந்தாலும் தப்பில்லை. மனைவி வேண்டாம் என்றால் அன்றைக்கு அவ்வளவுதான், ஏன் என்று கேட்கவும் வேண்டாம். இதைச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார்.

சரி, குறைகள். கர்ப்பிணிகளுக்கு வகுப்பு வைத்துவிட்டு அவர்களை இப்படி ஏறவைக்கக் கூடாது, செங்குத்தான மரப்படிகள், ஒரு பக்கம்தான் கைப்பிடி. எட்டு மாதக்காரர் ஒருவர் நடுவில் நின்று மூச்சு வாங்கினார், நானும் அவர் கணவரும் இரண்டு பக்கமும் நின்றோம். கீழ்த்தளத்தில் இடம் பார்க்க வேண்டும், இதை மிஸ்ஸியிடமே சொன்னேன். கையில் கொடுத்த தாள் மலாயிலும் ஆங்கிலத்திலும்தான் இருந்தது. அவ்வளவு அழகாகத் தமிழில் பேசிவிட்டு, வீட்டில் எடுத்துப் பார்க்கத் தமிழில் ஒரு பக்கம் இல்லை. முடிந்ததும் வரவேற்பில் இருந்த பெண் 680 வெள்ளிக்குப் பிரசவத்துக்குப் பின் உடம்பு பிடித்துவிடும் பேக்கேஜ் ஒன்றை விடாமல் விற்கப் பார்த்தார். மனம் கனத்து வெளியே வருகிறவர்களிடம் அதைச் செய்யக் கூடாது. சனிக்கிழமை மதியம் மட்டும் என்பதால் ஷிப்ட்காரர்கள் பாதிப் பேர் வர முடியாது, நானே லீவு போட்டுத்தான் போனேன்.

பெண்களுக்கு மட்டும் ஒரு கால் மணி நேரம் ஒதுக்க வேண்டும், இது என் மனைவியின் கருத்து. கணவன் பக்கத்தில் இருக்கும்போது கேட்க முடியாத கேள்வி சிலருக்கு இருக்கும். ஒரு பெண் இரண்டரை மணி நேரமும் வாயே திறக்கவில்லை. பிங்க் புத்தகத்தை மடியில் வைத்து ஓரத்தை மடித்து மடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவரை உள் அறைக்குக் கூப்பிட்டபோதும் கணவரேதான் பேசினாராம்.

பிரசவத்துக்குப் பிறகு எப்போது சேரலாம் என்பதற்குப் பத்தே நிமிஷம். இரத்தப்போக்கு நின்று, தையல் ஆறி, 6 வாரச் செக்-அப் முடியட்டும் என்றார். மாதவிலக்கு திரும்பும் முன்பே மறுபடி கரு தங்கலாம் என்றும் சொன்னார், பலர் முகத்தில் ஆச்சரியம். ஆப்பரேஷன் பிரசவத்தைப் பற்றி ஒன்றும் வரவில்லை. தனி வகுப்பாகவே வைக்கலாம்.

காரில் ஏறியதும் நான் என் சனிக்கிழமை, திங்கட்கிழமைக் கணக்கைச் சொன்னேன். அவள் தன்னுடையதைச் சொன்னாள். அப்புறம், “நான் குண்டாயிட்டேன், உங்களுக்குப் பிடிக்கலைன்னு நெனச்சுட்டேன்” என்றாள். நாலு மாதம் அப்படி நினைத்துக்கொண்டு பக்கத்தில் படுத்திருக்கிறாள். நான் ஜெலுத்தோங் சாலையில் ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டேன். வழியில் ஆயர் ஈத்தாமில் லக்சா சாப்பிட வேண்டும் என்றாள், போய்ச் சாப்பிட்டோம், இரண்டு கிண்ணம் அவளுக்கு. அன்றிரவு போல்ஸ்டரை அவளே எடுத்துச் சுவர்ப் பக்கம் போட்டாள். அன்றைக்குச் சும்மா படுத்திருந்தோம், என் கை அவள் வயிற்றின் மேல். உள்ளே பிள்ளை புரண்டது எனக்கு அன்றுதான் முதலில் கையில் தெரிந்தது. அவளுக்குப் பல வாரமாகத் தெரியுமாம்.

இப்போது 30ஆவது வாரம். எல்லாம் நன்றாக இருக்கிறது. ஒரு தடவை உறவுக்குப் பிறகு அவள் வயிறு இறுகியது, நான் பயந்து கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று நிமிஷத்தில் தளர்ந்தது. அடுத்த செக்-அப்பில் தாதியிடம் நானே சொன்னேன், வரிசையில் ஆள் இருந்தும்.

போகிறவர்கள் பிங்க் புத்தகத்தையும் கடைசி ஸ்கேன் தாளையும் மறக்காமல் எடுத்துப் போங்கள், இல்லையென்றால் மிஸ்ஸி வகுப்பில் உட்காரவிட்டாலும் உங்களுக்கென்று பதில் சொல்ல மாட்டார். 20 வார ஸ்கேன் முடிந்த பிறகு போவது நல்லது, நச்சுக்கொடி எங்கே என்று அதில்தான் தெளிவாகத் தெரியும். இரத்தம் படுகிறது, தண்ணீர் கசிகிறது என்றால் வகுப்புத் தேதிக்குக் காத்திருக்காதீர்கள், நேரே மருத்துவமனைக்குப் போங்கள். வண்டி நிறுத்தச் சனிக்கிழமை இடம் கிடைக்காது, அரை மணி முன்னால் போகலாம். கணவன் வராவிட்டால் கட்டணத்தில் பாதி என்று பலகையில் எழுதியிருக்கிறது. முழுக் கட்டணமும் கொடுத்துக் கூட்டிப்போங்கள்.